அசலை மெஷினில் விடாதீர்கள்

போன ஐப்பசியில், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு மதியம், ஏற்காட்டிலிருந்து ஒரு அம்மா என் போட்டோக் கடைக்கு வந்தார். முந்தானைக்குள் நனையாமல் கொண்டு வந்த, லேமினேஷன் போட்ட ஒரு படத்தை மேஜைமேல் வைத்தார். போஸ்ட்கார்டு அளவில் கறுப்பு வெள்ளைப் படம். சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் வளைவுக்கு முன்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். இடது ஓரம் அரைக்கைச் சட்டையில் நிற்பவர் அவருடைய அப்பா. அங்கே லைட் வேலை பார்த்தவராம். அவர் இளவயதில் எடுத்ததென்று வீட்டில் இருப்பது இந்த ஒரே படம்தான்.

"பேரன் நல்லதுன்னு நெனச்சுத்தான் பண்ணிப்போட்டானுங்க தம்பி. எப்படியாச்சும் பிரிச்சுக் குடுங்க" என்றார்.

ஆன்லைனில் லேமினேஷன் மெஷின் வாங்கி, வீட்டிலேயே போட்டிருக்கிறார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அப்பாவின் நெற்றியிலிருந்து தாடை வரை துவரம்பருப்பு அளவில் ஏழெட்டுக் கொப்புளங்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் மயிரிழை விரிசல். படம் காகிதத்தை விட்டுக் கிளம்பி பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த உறையைப் பிரித்தால் முகம் அதோடு வந்துவிடும். பிரிக்க முடியாது என்று அந்த அம்மாவிடம் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இந்த ஒரு வருடத்தில் இப்படி வந்த படங்கள் இன்னும் சில உண்டு. மெஷின் மலிவாகிவிட்டது, கவரும் எல்லா ஸ்டேஷனரிக் கடையிலும் கிடைக்கிறது. லீவு நாளில் வீட்டிலிருக்கும் பழைய படங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் போட்டு முடித்துவிடுகிறார்கள். எல்லாம் பாசத்தில் செய்வது. அதனால்தான் எப்படியாவது முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

அந்தப் படத்துக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் அடியில் காகிதம், அதன்மேல் வெள்ளைப் பூச்சு, அதற்கும் மேலே ஜெலட்டின். உருவம் இருப்பது அந்த ஜெலட்டினுக்குள், பொடிப்பொடியான வெள்ளித் துகள்களாக. ஜெலட்டின் என்பது மாட்டுத் தோலும் எலும்பும் காய்ச்சி எடுப்பது. காற்றில் ஈரம் இருந்தால் உறிஞ்சி ஊதும், வெயிலடித்தால் சுருங்கும். ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். அங்கே பீரோவில் இருந்த படம் தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், ஆனால் உள்ளே ஈரம் இருக்கும். அதை 100 டிகிரிக்கு மேல் சூடான உருளைகளுக்கு நடுவில் விட்டால் அந்த ஈரம் ஆவியாகிறது. இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் இருப்பதால் வெளியே போக வழியில்லை. மெத்தென்று இருக்கும் ஜெலட்டினைத் தூக்கிக்கொண்டு அங்கேயே நிற்கிறது. அந்தக் கொப்புளம் அதுதான்.

கலர் படத்துக்கு இந்த ஆபத்து இல்லை என்று நினைக்க வேண்டாம். எழுபதுகளுக்குப் பிறகு வந்த போட்டோ பேப்பரில் காகிதத்தின் இருபுறமும் மெல்லிய பாலிதீன் பூச்சு உண்டு. அந்த பாலிதீன் இளகும் சூடும் மெஷினின் சூடும் கிட்டத்தட்ட ஒன்றுதான். படம் அலை அலையாக நெளிந்து வருவதற்கு அதுதான் காரணம்.

இன்னொன்று, அந்தக் கவரின் உள்பக்கத்தில் இருக்கும் பசை. சூட்டில் உருகிப் படத்தோடு இறுகிவிடும். அந்தப் பசை வயதாகும்போது அசிட்டிக் அமிலம் வெளிவிடக்கூடியது, அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலம். மஞ்சளாகவும் மாறும். அமிலத்தைப் படத்தோடு சேர்த்து நாமே சீல் வைத்த மாதிரி ஆகிறது.

"காத்து போகாது, அதனால கெடாது" என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னேன். தொண்ணூறுகளில் தொழிலுக்கு வந்த புதிதில் எத்தனையோ பேருக்கு அசல் படங்களையே லேமினேஷன் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் சில இப்போது ஓரம் பிரிந்து, உள்ளே தண்ணீர் இறங்கி, பூஞ்சை படர்ந்து என்னிடமே திரும்பி வருகின்றன. கவர் படத்தைவிடப் பெரியதாக இருந்தால் அழகாக இருக்காது என்று படத்தின் விளிம்போடு சேர்த்து வெட்டியிருப்பேன். அந்த வெட்டு வழியாகத்தான் ஈரம் உள்ளே போயிருக்கிறது. அந்தப் படங்களைக் கையில் வாங்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும்.

காற்றை நிறுத்தினாலும் கலர் படத்தின் சாயம் தானாக வெளுக்கும். எண்பதுகளின் கல்யாணப் படங்கள் ஆல்பத்துக்குள் வெளிச்சமே படாமல் இருந்தும் செவசெவ என்று ஆகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் நீலச்சாயம் முதலில் போய்விட்டது. லேமினேஷனால் அதைத் தடுக்க முடியாது.

கறுப்பு வெள்ளையில் வேறொன்று நடக்கும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், வெள்ளியைத் திறந்து வைத்தால் கறுத்துப்போகும். படத்தில் இருப்பதும் வெள்ளிதான். வருடக்கணக்கில் காற்றும் ஈரமும் பட்டு அது மெல்ல மேலே வந்து, கறுப்பான இடங்களில், முக்கியமாக ஓரங்களில், நீலம் கலந்த கண்ணாடிப் பளபளப்பாகத் தெரியும். படத்தைச் சாய்த்துப் பிடித்தால் நன்றாகத் தெரியும். அழுக்கு என்று நினைத்து ஈரத்துணியால் துடைக்காதீர்கள். அந்தப் பளபளப்பே படத்தின் ஒரு பகுதி, துடைத்தால் உருவம் போகும்.

பெரிய ஆவணக் காப்பகங்களும் ஒரு காலத்தில் லேமினேஷன் செய்தவைதான். 1930களில் அமெரிக்காவில் வில்லியம் பாரோ என்பவர் செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக் தாளைச் சூட்டில் ஒட்டும் முறையைக் கொண்டுவந்தார். தில்லியில் உள்ள நம்முடைய தேசிய ஆவணக் காப்பகத்தில், மெஷின் இல்லாமல் அசிட்டோன் என்ற கரைப்பானைத் தடவி அதே தாளைக் கையால் ஒட்டும் முறையை உருவாக்கினார்கள். பிறகு அதன் கெடுதல்கள் தெரிந்ததும் அந்தப் பழக்கமே குறைந்துவிட்டது. அதையாவது அசிட்டோனில் கரைத்துப் பிரிக்க வழி இருந்தது. நம் கடைக் கவருக்கு வீட்டில் செய்யக்கூடிய எந்த வழியும் இல்லை. அசிட்டோன், தின்னர், ஹேர் டிரையர் எதையும் முயலாதீர்கள்.

சரி, அப்படியானால் என்னதான் செய்வது?

முதலில் ஸ்கேன். சாதாரணப் படத்துக்கு 600 டிபிஐ (ஸ்கேனின் நுணுக்க அளவு) போதும், பாஸ்போர்ட் அளவு போலச் சின்னப் படம் என்றால் 1200. டிஃப் (TIFF) கோப்பாகச் சேமித்து இரண்டு இடங்களிலாவது வையுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் நல்ல போன் போதும், ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல் எடுங்கள். அதை லேபில் பிரிண்ட் போட்டு, அந்தப் பிரிண்ட்டை வேண்டுமானால் லேமினேஷன் செய்யுங்கள். பூஜை அறையில் மாட்டுவதற்கும் பர்ஸில் வைப்பதற்கும் பேரப்பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கும் அது நல்லதே. கெட்டால் இன்னொரு பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம். அதைப் போடும்போது படத்தைச் சுற்றி நாலு பக்கமும் அரை விரல் அகலம் கவரை விட்டு வெட்டுங்கள்.

அசலுக்குக் காகித உறையே போதும். ஆனால் நியூஸ் பேப்பரும் பழுப்புக் கவரும் வேண்டாம், அவற்றில் அமிலம் அதிகம். பிளாஸ்டிக் உறைதான் வேண்டுமென்றால் பாலியஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள். மழைக்கோட்டு வாசனை அடித்தால் அது பிவிசி, வாங்காதீர்கள். பசை தடவிய பக்கத்தில் படத்தை வைத்து மேலே தாளை மூடும் ஆல்பங்கள் ஒரு காலத்தில் எல்லார் வீட்டிலும் இருந்தன. அதில் உள்ள படங்கள் சுலபமாக வந்தால் எடுத்துவிடுங்கள், வராவிட்டால் பக்கத்தோடு ஸ்கேன் எடுங்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட பிரேம் படத்துக்கும் அதேதான், கண்ணாடியோடு கொண்டு வாருங்கள்.

எங்கே வைப்பது என்பது இன்னும் முக்கியம். சேலத்தில் சித்திரை வெயிலில் தளத்துக்கு அடியில் உள்ள பரண் அடுப்பு மாதிரி. ஏற்காட்டில் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி ஊறிக் கிடக்கும். இரண்டுமே வேண்டாம். நடு அறையில், உள்சுவர் ஓரம் இருக்கும் பீரோவின் நடுத்தட்டு நல்லது. ராமபாணப் பூச்சிக்கு ஜெலட்டின் என்றால் உயிர், அதனால் வருடத்துக்கு இரண்டு முறையாவது எடுத்துப் பாருங்கள். பாச்சை உருண்டையைப் படங்களோடு போடாதீர்கள். பின்பக்கம் பெயர் எழுதப் பென்சில் போதும், பால்பாயின்ட் பேனா அழுந்தி முன்பக்கம் தெரியும்.

ஏற்கனவே லேமினேஷன் போட்டுவிட்டவர்கள் பயப்பட வேண்டாம். கவரைத் தொடாமல் அப்படியே ஸ்கேன் எடுத்துவிடுங்கள், நாளைக்கு இன்னும் மஞ்சளாவதற்குள். அந்த அம்மாவின் படத்தையும் அப்படித்தான் எடுத்தேன். கொப்புளம் இருந்த இடத்தைக் கம்ப்யூட்டரில் சரிசெய்ய இரண்டு நாள் ஆனது. கண்ணும் மூக்கும் கிடைத்தன, வாயோரம் மட்டும் நான் ஊகித்து வரைந்தது. அதை அவரிடம் மறைக்கவில்லை.

படத்தை வாங்க வந்தபோது பேரனும் கூட வந்திருந்தான். கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. உள்ளே இன்னும் பதினோரு படங்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை போடுவதற்கென்று ஒதுக்கி வைத்திருந்தவை. அன்று கடையைக் கொஞ்சம் நேரம் கழித்துத்தான் பூட்டினேன். பதினொன்றையும் ஸ்கேன் எடுத்தேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டி சொல்லச் சொல்ல, ஒவ்வொரு உறைமேலும் யார் யார் என்று பென்சிலால் எழுதினான்.