காஷ்: ஒளித்து வைத்ததா, படியெடுத்து வைத்ததா?

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் இருக்கும் அத்தை தன் டேப்லெட்டை என்னிடம் நீட்டினார். காவடியைக் காணொளி எடுக்க இடமில்லை என்கிறதாம். அமைப்புகளுக்குள் போய் ஒரு செய்திச் செயலியைத் திறந்தேன். பிரெஞ்சில் இரண்டு பொத்தான்கள்: 'விதே லெ காஷ்' (காஷைக் காலிசெய்), 'எஃபாஸே லே தொனே' (தரவை அழி). முதலாவதைத் தொடப்போன என் கையை அத்தை பிடித்துக்கொண்டார். "காஷ் என்றால் ஒளித்து வைத்தது அல்லவா? பேரப்பிள்ளைகளின் படங்களும் அதற்குள் இருந்தால்?"

பிரெஞ்சு தெரிந்ததால் வந்த பயம் அது. 'காஷே' என்றால் மறைத்தல். நம் மொரிஷியஸ் கிரியோலின் 'காஸ்யெத்' அந்த வேரில் முளைத்ததுதான். கண்ணாமூச்சிக்கும் பிரெஞ்சில் 'காஷ்-காஷ்' என்றே பெயர். வட அமெரிக்கக் காடுகளில் விலங்குத் தோல் தேடி அலைந்த பிரெஞ்சுக்காரர்கள், உணவையும் தோலையும் மறைத்து வைத்த குழியைக் 'காஷ்' என்றார்கள். ஆங்கிலம் அதை வாங்கிக் 'கேஷ்' ஆக்கியது. பணத்தைக் குறிக்கும் கேஷுக்கும் இதற்கும் உறவில்லை. அது பெட்டியைக் குறிக்கும் 'கெஸ்' என்ற வேறு பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது.

கணினிக்குள் இச்சொல் நுழைந்தது 1967-இல். ஐபிஎம் நிறுவனத்தின் 360 கணினி வரிசையில், மாதிரி 85-இல், பெரிய நினைவகத்துக்கு முன்னால் சிறிய, வேகமான நினைவகம் ஒன்றை வைத்தார்கள். அதைப் பற்றிய கட்டுரையில் இருந்த 'அதிவேக இடையகம்' என்ற பெயர் 'ஐபிஎம் சிஸ்டம்ஸ் ஜர்னல்' இதழின் ஆசிரியர் லைல் ஜான்சனுக்குப் பிடிக்கவில்லை. வேறு பெயர் கேட்டார், வரவில்லை; தாமே 'கேஷ்' என்றார். 1968-இல் அச்சேறியது.

அடுக்களையில் இதற்கு நேரான பொருள் அஞ்சறைப் பெட்டி. கடுகு முழுவதும் அலமாரி டப்பாவில் இருக்கிறது. அடுப்பருகே ஒரு பிடி. பெட்டியைக் கவிழ்த்தாலும் டப்பாவில் கடுகு இருக்கும். மறுபடி எடுத்து நிரப்பும் நேரம்தான் நட்டம். டேப்லெட்டிலும் செயலி ஒருமுறை இறக்கிய படங்களைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறது. உண்மையில் அஞ்ச வேண்டியது இரண்டாவது பொத்தானுக்கு. அது உள்நுழைவையும் அமைப்புகளையும், செயலிக்குள் சேமித்தவற்றையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

தமிழில் என்ன சொல்வது? 'பதுக்ககம்' வேர்ப்பொருளுக்கு நேர்மையானதுதான். ஆனால் பதுக்கல் என்றதும் நமக்கு அரிசி மூட்டையும் கள்ளச்சந்தையும் நினைவுக்கு வருகின்றன. 'இடைமாற்று' எதையும் விளக்கவில்லை. 'தற்காலிகச் சேமிப்பு' பரவலாக இருக்கிறது. சேமிப்பை அழி என்றால் எந்தப் பாட்டி அழிப்பார்?  உள்ளே என்ன வைத்திருக்கிறது என்று மூன்றுமே சொல்லவில்லை. உள்ளே இருப்பது பெரும்பாலும் படி, அதாவது நகல். ஆகவே 'தற்காலிகப் படி' என்பேன். பொத்தானில் 'தற்காலிகப் படிகளை நீக்கு' என்றிருந்தால், மூலம் வேறிடத்தில் பத்திரம் என்பது சொல்லிலேயே விளங்கும்.

அத்தையிடமும் அப்படித்தான் சொன்னேன். "படிதானா?" என்று கேட்டு, தம் விரலாலேயே தொட்டார். 2 ஜிபி விடுபட்டது. பிறகு படத்தொகுப்பைத் திறந்து பேரப்பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்து முடித்துத்தான் டேப்லெட்டை மூடினார்.