நீண்ட ஊரடங்கை யாரால் தாங்க முடிந்தது?

ஒரு கொள்ளைநோய் பரவும்போது மக்களை எத்தனை நாள் வீட்டுக்குள் இருக்கச் சொல்ல முடியும் என்ற கேள்வி, கொரோனா பரவத் தொடங்கிய 2020 மார்ச்சில் பல நாடுகளில் எழுந்தது. பிரிட்டனில் அது அரசின் முடிவுகளையே பாதித்தது. கட்டுப்பாடுகளை முன்கூட்டியே விதித்தால் மக்கள் சலித்துப்போவார்கள், தொற்று உச்சத்தைத் தொடும் நேரம் பார்த்து மீறத் தொடங்கிவிடுவார்கள் என்ற வாதம் அங்கே வெளிப்படையாகவே பேசப்பட்டது. அதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்று கேட்டு, நடத்தை அறிவியல் துறையினர் 600க்கும் மேற்பட்டோர் அரசுக்குத் திறந்த மடல் எழுதினார்கள். மார்ச் 23 அன்று ஊரடங்கு அறிவிக்கப்பட்ட பிறகு, அந்நாட்டு மக்களில் மிகப் பெரும்பான்மையோர் எதிர்பார்க்கப்பட்டதைவிட நெடுங்காலம் அதைக் கடைப்பிடித்தார்கள்.

தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகர் ஒன்றில் மனநல மருத்துவராகப் பணியாற்றும் நான், 2020, 2021 ஆகிய அந்த இரண்டு ஆண்டுகளில் என்னிடம் வந்தவர்களையும், வர வழியில்லாமல் தொலைபேசியில் அழைத்தவர்களையும் வைத்தே இதை எழுதுகிறேன். யாரையும் அடையாளம் காண முடியாதவாறு விவரங்களை மாற்றியிருக்கிறேன். நீண்ட நாள் அடைந்து கிடப்பதைத் தாங்கும் வலிமை மனித மனத்துக்கு உண்டு என்பதை நான் நேரில் கண்டேன். உணவும் வருமானமும் மருந்தும் நம்பத் தகுந்த தகவலும் வந்துகொண்டிருந்தவரை பெரும்பாலானோர் தாங்கினார்கள். அவை நின்றுபோன வீடுகளில்தான் கட்டுப்பாடும் உடைந்தது, மனமும் உடைந்தது. இதை மக்களின் பொறுமைக்குறைவு என்று எழுதி வைத்தோமானால் அடுத்த கொள்ளைநோயிலும் இதே துயரத்தைத்தான் காண்போம்.

முதலில் மக்களை அரித்தது, எப்போது முடியும் என்று தெரியாத நிலை. 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவிக்கப்பட்டு அன்று நள்ளிரவே நடைமுறைக்கு வந்த 21 நாள் ஊரடங்கு, ஏப்ரல் 14இலிருந்து மே 3க்கும், பிறகு மே 17க்கும், அதன்பின் மே 31க்கும் நீண்டது. தையல் கடை வைத்திருந்த ஒருவரை அவர் மனைவி ஜூன் மாதம் என்னிடம் அழைத்து வந்தார். முதல் 21 நாளும் அவர் காலையில் எழுந்ததும் நாள்காட்டியின் தாளைக் கிழித்து, இன்னும் இத்தனை நாள் என்று வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். முதல் நீட்டிப்புக்குப் பிறகும் கிழித்தார். இரண்டாவது நீட்டிப்பு வந்ததும் நிறுத்திவிட்டார். மே 4 என்ற தாள் சுவரில் அப்படியே இருந்தது என்று அந்த அம்மா சொன்னார். அதன்பின் குளிப்பது குறைந்தது, சாப்பாடு பாதியானது, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்தது. மனச்சோர்வு நோயின் அறிகுறிகள் வரிசையாக வந்திருந்தன. ஆனால், அவர் ஒரு நாள்கூட ஊரடங்கை மீறியவரல்லர். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு அவர் மிக நன்றாகத் தாங்கியவராகவே தெரிந்திருப்பார்.

தனிமைப்படுத்தலின் மனநல விளைவுகள் குறித்து, பழைய தொற்றுக் காலங்களின் ஆய்வுகளைத் தொகுத்து 2020 பிப்ரவரியில் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. நீண்டுகொண்டே போகும் காலம், தொற்று குறித்த அச்சம், போதாத பொருட்கள், தெளிவற்ற தகவல், வருமான இழப்பு, சமூகத்தின் ஒதுக்குதல் ஆகியவையே மனத்தைக் குலைக்கும் காரணிகள் என்று அது கூறியது. இந்தியாவில் ஊரடங்கு தொடங்குவதற்கு முன்பே இந்த அறிவு நம் கையில் இருந்தது.

அந்த ஆண்டு ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் முழு ஊரடங்கு அறிவிக்கப்பட்டதும், அதற்கு முந்தைய நாள் கடைத்தெருக்களில் மக்கள் முண்டியடித்ததை எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். பொறுப்பற்ற மக்கள் என்று அன்று ஏசாதவர் குறைவு. அன்றாடக் கூலியில் அன்றாடம் அரிசி வாங்கும் குடும்பம், குளிர்சாதனப் பெட்டி இல்லாத ஒற்றை அறை வீட்டில் நான்கு நாளுக்கான காய்கறியையும் பாலையும் எதில் சேர்த்து வைக்கும்? கையிருப்பு இல்லாதவரிடம் நாளை முதல் கடை கிடையாது என்று சொன்னால் அவர் இன்றே கடைக்கு ஓடுவார். அது பசிக்கு அஞ்சுபவரின் இயல்பான நடத்தை. கோயம்பேடு சந்தையில் தொற்று பெருகி, அங்கிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள் வழியே கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களுக்குப் பரவி, மே 5 அன்று சந்தை மூடப்பட்டது.

2020இல் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் கொடுத்த மாநிலம், 2021இன் இரண்டாம் அலையில் இரு தவணைகளாக 4,000 ரூபாய் கொடுத்தது. மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு வந்தபோது காய்கறி வண்டிகள் தெருவுக்கே வந்தன. அந்த ஊரடங்கு ஒப்பீட்டளவில் அமைதியாகக் கடைப்பிடிக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். ஆக்சிஜன் படுக்கை கிடைக்காமல் உறவினரைப் பறிகொடுத்த பயமும் மக்களை வீட்டுக்குள் நிறுத்தியது என்பதை மறுக்க முடியாது.

மதுவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் டாஸ்மாக் கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது பலர் மகிழ்ந்தார்கள். ஆனால், பல ஆண்டுகளாக நாள்தோறும் குடித்துவந்த ஒருவர் திடீரென நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் இடம், காலம் தெரியாத குழப்பமும், இல்லாதவை கண்ணுக்குத் தெரிவதும் ஏற்படலாம். இந்தக் கடைசி நிலை சிகிச்சையின்றி விடப்பட்டால் உயிரைப் பறிக்கும். ஊரடங்கின் முதல் வாரத்தில் சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லி விரலால் எடுத்துக்கொண்டிருந்த மனிதரை, பேய் பிடித்திருக்கிறது என்று எண்ணிக் குடும்பத்தார் கட்டி வைத்திருந்து, மூன்றாம் நாள்தான் சரக்கு வண்டி ஒன்றில் ஏற்றி வந்தார்கள். வைட்டமின் பி1 ஊசியும் உரிய மாத்திரைகளும் கொடுத்தால் ஒரு வாரத்தில் தெளியக்கூடிய நிலை அது. புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் மது கிடைக்காமல் ஷேவிங் லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்த மீனவர்கள் இறந்த செய்தி அந்த ஏப்ரலில்தான் வந்தது. கேரளத்தில் மருத்துவர் சீட்டு கொடுத்தால் மது வழங்கலாம் என்று அரசு ஆணையிட, மருத்துவர்கள் எதிர்க்க, உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. மதுவைச் சீட்டில் எழுதுவது மருத்துவமாகாது என்பதே என் கருத்தும். ஆயினும், கடையை மூடும் அறிவிப்போடு, குடியை நிறுத்தியதும் நடுக்கமோ வலிப்போ வந்தால் அரசு மருத்துவமனைக்கு வாருங்கள் என்ற ஒரு வரி சேர்ந்திருந்தால் எத்தனையோ வீடுகள் தப்பித்திருக்கும்.

இதைவிடக் குறைவாகப் பேசப்பட்டது, மாத்திரை நின்றுபோனது. மனச்சிதைவு, இருதுருவ மனநோய், வலிப்பு ஆகியவற்றுக்கு மாதந்தோறும் அரசு மருத்துவமனையில் மருந்து வாங்குவோரில் பலர் இரண்டு பேருந்து மாறி வருபவர்கள். பேருந்து நின்றதும் அவர்கள் மருந்தும் நின்றது. தனியார் மருந்துக் கடைகள் பழைய சீட்டுக்கு இந்த மாத்திரைகளைத் தருவதில்லை. சிற்றூர்க் கடைகளில் இவை இருப்பதும் இல்லை. பத்து ஆண்டுகளாகச் சீராக இருந்து, ஒரு பேக்கரியில் வேலையும் பார்த்துவந்த இளைஞரின் தாய் மே மாதம் அழைத்தார். “டாக்டர், தம்பி நாலு நாளா தூங்கல, தனியாப் பேசிக்கிட்டே இருக்கான், சோத்துல ஏதோ கலந்திருக்கோம்னு சொல்றான்” என்றார். மாத்திரை தீர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தொலைபேசி வழி மருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிகள் அந்த மார்ச் 25 அன்றே வெளியாகியிருந்தன. அதன்படி புதுச் சீட்டு எழுதி அனுப்ப முடிந்தது. ஆனால், சீட்டு வந்ததும் அதைக் கொண்டுபோய் மாத்திரை வாங்குவதற்கு அந்தத் தாய் ஒரு சோதனைச் சாவடியில் மன்றாட வேண்டியிருந்தது. அவர் அன்று ஊரடங்கை மீறியவர்களின் கணக்கில் சேர்ந்திருக்கக்கூடும்.

எல்லாருக்கும் ஊரடங்கு துன்பமாக இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பிறரை எதிர்கொள்ளவே அஞ்சும் இளைஞர்கள் சிலர் அந்த மாதங்களில் நிம்மதியாக இருந்தார்கள். கல்லூரி திறந்தபோதுதான் அவர்களின் துன்பம் தொடங்கியது. குடிகாரக் கணவனோடு ஒரே அறையில் அடைபட்ட பெண்களோ, வீட்டிலேயே இருங்கள், பாதுகாப்பாக இருங்கள் என்ற விளம்பரத்தை வேறு விதமாகக் கேட்டார்கள். மறதிநோய் உள்ள முதியவர்கள், மாலை நடையும் கோவில் வாசலும் இல்லாமல் போனதில் சில மாதங்களிலேயே வெகுவாகத் தளர்ந்தார்கள். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. பள்ளி வாசலையே பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்கு வந்த குழந்தை, அம்மாவின் கையை விட மறுத்து வாந்தி எடுப்பதைப் பிடிவாதம் என்று அடித்த பெற்றோரிடம் அந்த நவம்பர், டிசம்பரில் மீண்டும் மீண்டும் விளக்க வேண்டியிருந்தது.

மரியாதையும் தாங்கும் திறனில் ஒரு பங்கு வகித்தது. தொற்று வந்த வீட்டின் வாசலில் தகரம் அடித்து மறைத்தபோது, காய்ச்சலை மறைக்கத் தொடங்கியவர்கள் உண்டு. சென்னையில் கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் கல்லெறிந்த நிகழ்வுக்குப் பிறகு, எங்கள் உடலுக்கும் இதுதானா என்று கேட்ட முதியவர்கள் உண்டு. ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகக் கூறிச் சாத்தான்குளத்தில் கைது செய்யப்பட்ட ஜெயராஜும் பென்னிக்ஸும் 2020 ஜூனில் உயிரிழந்த பிறகு, காவல் வண்டியின் ஒலி கேட்டாலே நடுங்கும் வணிகர்களை நான் பார்த்தேன். அச்சத்தால் பெறும் கீழ்ப்படிதல் நீடிப்பதில்லை. சீனத்தில் மூன்றாண்டுக் கடுங்கட்டுப்பாட்டுக்குப் பிறகு, 2022 நவம்பரில் உரும்சி நகரக் குடியிருப்புத் தீவிபத்தில் பத்துப் பேர் இறந்ததும், கட்டுப்பாடுகளே மீட்பைத் தடுத்தன என்ற கோபத்தில் பல நகரங்களில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். சில நாட்களில் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரமோ 2020இல் ஏறத்தாழ 112 நாள் நீண்ட ஊரடங்கைக் கடந்தது. அங்கும் எதிர்ப்பு இருந்தது, ஆனால் வேலை இழக்காதிருக்க ஊதிய மானியமும் இருந்தது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2020இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,53,052 பேர். 2021இல் 1,64,033 பேர். இரு ஆண்டுகளிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தினக்கூலித் தொழிலாளி. இதற்கு ஊரடங்கு ஒன்றே காரணம் என்று சொல்வது அறிவியலாகாது. ஆனால், யாருடைய வாழ்க்கையில் தாங்குவதற்கு இடமே இல்லாமல் இருந்தது என்பதை அந்த எண் காட்டுகிறது.

இனி ஒரு முடக்கம் வந்தால், குடும்பத்தில் ஒருவர் இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமும் பசியும் குறைந்து, பேச்சைச் சுருக்கி, வழக்கமாகச் செய்துவந்த சிறு வேலைகளையும் விட்டுவிட்டால், சும்மா இருப்பதால் வந்த சோம்பல் என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். சாவைப் பற்றிய பேச்சு எழுந்தால், அதைப் பற்றி நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வளராது, அவரைத் தனியே விடாமல் உடனே உதவி தேடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம். தமிழ்நாட்டின் 104 உதவி எண்ணும் இருக்கிறது. மனநல மருந்தோ வலிப்பு மருந்தோ எடுப்பவர்கள் மருந்தின் பெயரும் அளவும் எழுதிய சீட்டின் படத்தைக் குடும்பத்தில் இருவர் கைப்பேசியிலாவது வைத்திருங்கள். நாள்தோறும் குடிப்பவர் வீட்டில் இருந்தால், திடீர் நிறுத்தத்தின் முதல் மூன்று நாளும் அவர் அருகில் ஒருவர் இருக்க வேண்டும்.

திட்டமிடும் இடத்தில் இருப்பவர்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வீட்டுக்கே கொண்டு சேர்க்க முடியும் என்று காட்டியிருக்கிறது. மனநல மாத்திரையும் அந்தப் பையில் இருக்க வேண்டும். அதற்கான பட்டியலும் பணியாளர் பயிற்சியும், தொற்று இல்லாத இந்த நாட்களிலேயே முடிந்திருக்க வேண்டும்.