விறகு வெட்டுகிறவருக்கும் சொக்சோ உண்டு: பதிவு, கிளினிக், கவுண்டர் என மூன்று இடத்தில் ஏமாறாதீர்கள்

பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் மறுநடவுக்காகப் பழைய பால்மரங்களைச் சாய்க்கும்போது அடிமரம் ஆலைக்குப் போகும். கிளையும் முண்டும் விறகாகும். கோயில் பொங்கலுக்கும் கல்யாண வீட்டு அடுப்புக்கும் சுடுகாட்டுக்கும் அந்த விறகை அறுத்து, பிளந்து, கட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். தோளில் புல்வெட்டும் மெஷின் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகிறவர்களும், கொட்டகையில் கிரைண்டரும் வெல்டிங் செட்டும் வைத்துக் கதவும் கம்பியும் செய்கிறவர்களும் அதே ஊரில்தான். இவர்களில் பலர், “சொக்சோ எல்லாம் கம்பெனி ஆளுக்குத்தான், நமக்கு ஏது?” என்று விட்டுவிடுகிறார்கள். சொக்சோ என்பது வேலையில் அடிபட்டவருக்குப் பணம் கொடுக்கும் மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். அது கம்பெனி ஆளுக்கு மட்டும் என்ற எண்ணம் தவறு. காலில் செயின்சா பட்டு மாதக்கணக்கில் படுத்தும், ஒரு காசு வாங்காமல் வேலைக்குத் திரும்பியவர்கள் அந்த எண்ணத்தால்தான் அப்படித் திரும்பினார்கள்.

சட்டம் இரண்டு. 1969-ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவரிடம் வேலை செய்பவருக்கு. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொந்தத் தொழில் செய்பவருக்கு. இந்த இரண்டாவது சட்டத்தின் திட்டம் இப்போது லிண்டுங் கெண்டிரி என்ற பெயரில் நடக்கிறது. டாக்சி ஓட்டுநர்களோடு தொடங்கிய அந்தத் திட்டத்தில் 2020 முதல் விவசாயம், வனத்தொழில், உற்பத்தி, கட்டுமானம், அங்காடி வியாபாரம் என்று எல்லாம் வந்துவிட்டன. இரண்டையும் நடத்துவது சொக்சோ. பின்னணி இவ்வளவு போதும்.

நீங்கள் யாருடைய ஆள்?

பெரிய ஏமாற்று இங்கேதான் நடக்கிறது. கொந்தராக்டர் காலையில் லோரியில் ஏற்றிக்கொண்டு போகிறார். செயின்சா அவருடையது, பெட்ரோல் அவருடையது. எந்தக் கட்டத்தில் அறுப்பது, எத்தனை மணிக்கு நிறுத்துவது என்று அவர்தான் சொல்கிறார். சாயங்காலம் கூலியும் அவர் கையிலிருந்துதான் வருகிறது. ஆனால் மரம் சரிந்து கால் உடைந்த மறுநாள், “நீ சொந்த வேலைக்காரன், சொக்சோவை நீதான் எடுத்திருக்கணும்” என்கிறார்.

நம்பாதீர்கள். இப்படி வேலை வாங்கினால் அவர் முதலாளி, நீங்கள் தொழிலாளி. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் வாய்ப்பேச்சே சட்டப்படி வேலை ஒப்பந்தம்தான். தினக்கூலிக்கும் அப்படியே. வேலைக்குச் சேர்ந்த 30 நாளுக்குள் உங்களைப் பதிய வேண்டியது அவர் கடமை. அவர் பதியாமல் விட்டதால் உங்கள் உரிமை போய்விடாது. சொக்சோ உங்களுக்குக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அவருக்கு வேலையைக் கொடுத்த தோட்டமும் மூல முதலாளி என்ற முறையில் பொறுப்பிலிருந்து எளிதில் நழுவ முடியாது. ஆகவே தோட்ட ஆபீசில் “கொந்தராக்டரைப் போய்ப் பாருங்க” என்று அனுப்பினால் அங்கே நின்று வாதாட வேண்டாம். சொக்சோவுக்கு எழுதிக் கொடுக்கும்போது கொந்தராக்டர் பெயர், தோட்டத்தின் பெயர் இரண்டையும் எழுதுங்கள்.

சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது இன்னொரு கதை. மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) சம்பளம் என்றால் உங்கள் பங்கு 8.25 வெள்ளி. ஐசியை (அடையாள அட்டை) கொண்டுபோய் சொக்சோ கவுண்டரில் உங்கள் சந்தாப் பட்டியலைக் கேளுங்கள். எந்த மாதம் விட்டுப்போயிருக்கிறது என்று அதில் தெரியும். அடிபட்ட பிறகு பார்ப்பதைவிட இந்த வாரமே பார்ப்பது நல்லது.

“அறுபது தாண்டிட்டா சொக்சோ கிடையாது” என்பதும் பொய். 60 வயதுக்கு மேல் வேலை செய்பவருக்கு முதலாளி மட்டும் சம்பளத்தில் 1.25 விழுக்காடு கட்ட வேண்டும். வேலை விபத்துக்கான பாதுகாப்பு தொடரும்.

காலையில் கொந்தராக்டரிடம், சாயங்காலம் சொந்தமாக விறகு வியாபாரம் என்று இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். முதலாளி கட்டும் சொக்சோவில் வேலை விபத்துக்கான பாதுகாப்பு அவருடைய வேலைக்கு மட்டும்தான். சாயங்காலம் உங்கள் கோடரி உங்கள் காலில் விழுந்தால் அதற்குச் சொந்தப் பதிவு வேண்டும்.

சொந்தப் பதிவு: எந்த நிமிடத்திலிருந்து?

குடிமக்களும் நிரந்தர வசிப்பிடம் உள்ளவர்களும் சேரலாம். சிவப்பு ஐசி வைத்திருக்கும் தோட்டத்துப் பெரியவர்கள் “நமக்கு இல்லை” என்று தாங்களாகவே ஒதுங்கிவிடுகிறார்கள். சிவப்பு ஐசி என்றால் நிரந்தர வசிப்பிடம்தான், தயங்காமல் போங்கள்.

நான்கு பிரிவுகள் இருக்கின்றன. ஆண்டுக்கு 157.20, 232.80, 442.80, 592.80 வெள்ளி. பலர் மலிவானதையே எடுக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலை செய்ய முடியாமல் எம்சியில் (டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருத்துவ விடுப்பு) இருக்கும் நாளுக்கு முதல் பிரிவில் 30 வெள்ளி, இரண்டாவதில் 41.33, மூன்றாவதில் 78.67, நான்காவதில் 105.33. செயின்சா முழங்காலுக்கு மேலே கிழித்து 45 நாள் எம்சி என்று வைத்துக்கொண்டால் முதல் பிரிவில் 1,350 வெள்ளி, இரண்டாவதில் ஏறக்குறைய 1,860. ஆண்டுக்கு 75.60 வெள்ளி கூடக் கட்டியதற்கு 510 வெள்ளி வித்தியாசம். முதல் பிரிவைத் தாண்ட முடிந்தவர்கள் இரண்டாவதிலாவது இருங்கள். சந்தாவில் பெரும்பகுதியை அரசாங்கமே கட்டும் சலுகை சில ஆண்டுகளில் மட்டும் இருக்கும். பணம் கட்டுவதற்கு முன் கவுண்டரில் அதைக் கேளுங்கள். கேட்காதவரிடம் அவர்களாக எடுத்துச் சொல்வது அபூர்வம்.

பணம் கட்டிய ரசீதைக் கையில் எடுத்துப் பாருங்கள். தேதி மட்டுமில்லாமல் நேரமும் அச்சாகியிருக்கும். அந்த நேரத்திலிருந்துதான் பாதுகாப்பு ஆரம்பம். காலை 9 மணிக்கு அடிபட்டு 11 மணிக்கு மகன் ஓடிப்போய்க் கட்டினால் பயனில்லை. ஏஜெண்டிடம் காசைக் கொடுத்து, அவர் பத்து நாள் வைத்திருந்து கட்டினால் அந்தப் பத்து நாளும் உங்களுக்குப் பாதுகாப்பு இல்லை. 157.20 வெள்ளிக்கு ஏஜெண்ட் 250 கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சொக்சோ கவுண்டரிலும் இணைய வாசலிலும் நேரடியாகக் கட்டலாம். இங்கிருந்து ஈப்போ கவுண்டருக்கு ஒரு நடைதான்.

12 மாதம் முடிந்த மறுநாள் பாதுகாப்பும் முடிந்தது. முடியும் தேதியைச் செயின்சா பெட்டி மூடியில் மார்க்கர் பேனாவால் எழுதி வைப்பது நல்ல பழக்கம். காலண்டரைவிட அது கண்ணில் படும்.

தொழில் என்ன என்று கேட்கும் இடத்தில் ‘வியாபாரம்’ என்று ஒற்றைச் சொல்லோடு விடாதீர்கள். மரம் அறுத்தல், விறகு பிளத்தல், கொண்டுபோய்க் கொடுத்தல் என்று செய்வதையெல்லாம் சொல்லுங்கள். பதிவில் பலகாரக் கடை என்று இருந்து, மரம் சாய்க்கும்போது அடிபட்டால் கேள்விமேல் கேள்வி வரும். வெல்டிங் பட்டறைக்காரர்களுக்கும் இதே பேச்சு: வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்ப் பொருத்தும் வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கிளினிக்கில் எழுதப்படும் ஒரு வரி

தகுதி இருந்தும் பணம் கிடைக்காமல் போவது பெரும்பாலும் இங்கேதான். கிரைண்டர் தட்டு உடைந்து முகத்தில் அடித்திருக்கும். வலியிலும் பயத்திலும், போலீஸ் வம்பு வருமோ என்ற தயக்கத்திலும், கூட்டிப்போனவர் “வீட்ல விழுந்துட்டாரு” என்று சொல்லிவிடுவார். டாக்டர் அட்டையில் ‘ஜத்தோ டி ரூமா’ என்று எழுதிவிடுவார். மூன்று மாதம் கழித்து சொக்சோ அந்த அட்டையைத்தான் பார்க்கும். அதற்குப் பிறகு எத்தனை சாட்சி கொண்டுவந்தாலும் முதல் நாள் வரியை மாற்றுவது பெரும்பாடு.

முதல் கிளினிக்கில், முதல் ஐந்து நிமிடத்தில் சொல்ல வேண்டியது: இது வேலையில் நடந்த விபத்து, மலாயில் கெமலாங்கான் கெர்ஜா. எந்த இடம், எத்தனை மணி, எந்தக் கருவி, எந்தப் பக்கத்துக் கை அல்லது கால். “இன்று காலை 10 மணிக்கு, விறகு அறுக்கும்போது, செயின்சா எகிறி இடது தொடையில் பட்டது.” இந்த ஒரு வாக்கியம் போதும். எழுதிய பிறகு படித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அடிபட்ட நாளையும் சேர்த்து எம்சி 4 நாளுக்குக் குறைந்தால் தினப்பணம் இல்லை. வலி தெரியாத நம் ஆட்கள் இரண்டு நாள் எம்சி வாங்கிக்கொண்டு மூன்றாம் நாள் காட்டுக்குப் போய்விடுகிறார்கள். காயம் ஆறவில்லை என்றால் மறுபடி டாக்டரைப் பார்த்து, இடைவெளி விழாமல் எம்சியைத் தொடருங்கள். ‘இலேசான வேலை செய்யலாம்’ என்று கொடுக்கும் கடிதம் எம்சி ஆகாது. எம்சியில் இருக்கும் நாளில் கூலி வாங்கி வேலை செய்தால் அந்த நாளுக்கான பணமும் போகும்.

விறகு கொண்டுபோகும் வழியில் லோரியோ மோட்டாரோ மோதினால், அது வேலைக்கு நேரடியான பயணம் என்றால் கோரலாம். போலீஸ் புகாரும், எங்கிருந்து எங்கே போனீர்கள் என்று காட்டும் வழிப்படமும் கேட்பார்கள். வழியில் வேறு சொந்த வேலைக்குத் திரும்பியிருந்தால் சிக்கல்.

கவுண்டரில்

ஒரே நடையில் முடிக்க வேண்டுமானால் கையில் இருக்க வேண்டியவை: ஐசி, உங்கள் பெயரிலேயே உயிரோடு இருக்கும் வங்கிக் கணக்கு (மனைவி கணக்கு, மகன் கணக்கு என்றால் திருப்பி அனுப்புவார்கள்), எல்லா எம்சியும் அசலாக, கிளினிக் அட்டை நகல், சந்தா ரசீது, அந்தத் தொழில்தான் செய்கிறீர்கள் என்பதற்கு ஆதாரம். ஆதாரத்தில்தான் விறகுக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு மூன்று வெள்ளிக்கு ஒரு பில் புத்தகம் வாங்கி, யாருக்கு, எந்தத் தேதி, எத்தனை கட்டு, எவ்வளவு என்று எழுதுங்கள். கோயில் நிர்வாகம் வாட்சப்பில் “பத்து கட்டு அனுப்புங்க” என்று சொன்ன செய்தியையும் அழிக்காதீர்கள்.

முதலாளியிடம் வேலை செய்பவர் என்றால் விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் அவர் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட மறுத்தால் கவுண்டரில் “முதலாளி கையெழுத்து வாங்கி வாங்க” என்பார்கள். இந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பியவர்கள் மறுபடி போகவே இல்லை. நீங்கள் திரும்பாதீர்கள். “அவர் மறுக்கிறார், அதையே புகாராக எழுதித் தருகிறேன், அமலாக்கப் பிரிவுக்கு அனுப்புங்கள்” என்று சொல்லுங்கள். கூட வேலை செய்தவர்கள் பெயர், கூலி வந்த வங்கிப் பதிவு, லோரி நம்பர் எல்லாவற்றையும் அதில் சேருங்கள். எதைக் கொடுத்தாலும் ஒரு நகலில் ‘தெரிமா’ சாப்பு (பெற்றுக்கொண்டதற்கான முத்திரை) குத்தி, தேதியோடு வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். சாப்பு இல்லாத காகிதம் காணாமல் போனால் கொடுத்தீர்கள் என்பதற்கே சாட்சி இல்லை.

விரல் போனது, பார்வை மங்கியது போன்ற நிரந்தரக் குறைக்கு, எம்சி முடிந்த பிறகு தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தினப்பணம் வந்ததோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்து இதை விட்டவர்கள் ஏராளம். டாக்டர்கள் குழு விழுக்காடு போடும். 20 விழுக்காடு வரை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் ஒரு பகுதி மொத்தமாக, மீதி மாதாமாதம். போட்ட விழுக்காடு குறைவு என்று பட்டால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். அந்த முடிவு கடிதமாகத்தான் வரும். தோட்டத்து லைன் வீட்டை விட்டு டவுனுக்கு மாறியவர்கள் பலருடைய ஐசியில் இன்னும் பழைய தோட்டத்து முகவரிதான் இருக்கிறது. விண்ணப்பம் கொடுக்கும் நாளிலேயே இப்போதைய முகவரியையும் கைப்பேசி எண்ணையும் மாற்றி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.