பழைய வண்டிக்குப் புது செட்: டேஷ்போர்டை அறுக்க வேண்டாம்

அம்பாசிடர், பத்மினி, மோரிஸ் மைனர் என்று தேடிப்பிடித்து வாங்கி, பெயின்ட் அடித்து, சீட் தைத்து, கல்யாண வீட்டுக்கும் குற்றால சீசனுக்கும் ஆசையாக ஓட்டுகிறவர்கள் நம் திருநெல்வேலிப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் பாளையங்கோட்டையில் என் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்களில் பலர் முதலில் கேட்பது, “அண்ணாச்சி, ப்ளூடூத் செட் ஒண்ணு போடணும், அந்த ரேடியோ ஓட்டையைக் கொஞ்சம் பெரிசாக்கிருங்க” என்பதுதான். அதை நான் செய்வதில்லை. கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு.

அந்தக் காலத்து ரேடியோவுக்கு வேண்டியது இரண்டு குமிழுக்கு இரண்டு துளை, நடுவில் டயல் தெரிய ஒரு சின்னத் திறப்பு. இன்றைய செட்டுக்கோ 18 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரத்துக்கு முழுதாக ஒரு செவ்வகம் வேண்டும். தகட்டை அறுத்துவிட்டுப் பிறகு மனம் மாறினால் வெல்டு வைக்கணும், சூட்டில் தகடு நெளியும், பட்டி போட்டு இழுக்கணும், பெயின்ட் நிறமும் சேராது. அம்பாசிடர் உற்பத்தியே 2014-ல் நின்றுவிட்டது, பத்மினி அதற்கும் முன்னாலேயே. மாற்று டேஷ்போர்டு வேண்டுமென்றால் இன்னொரு பழைய வண்டியைத்தான் பிரிக்க வேண்டும்.

பழைய ரேடியோ பாடாவிட்டாலும் அதன் இடத்திலேயே இருக்கட்டும். சின்ன ப்ளூடூத் ஆம்ப்ளிஃபையர் ஒன்றைக் காற்றோட்டம் பார்த்து சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டால் பாட்டைப் போனிலேயே மாற்றிக்கொள்ளலாம். ஸ்பீக்கருக்காகக் கதவு அட்டையையும் வெட்ட வேண்டாம். சீட்டுக்கு அடியில் அளவாக உட்காருகிற மாதிரி ஆசாரியிடம் சொல்லி ஒரு பிளைவுட் பெட்டி அடித்தால் போதும், நாளைக்கு வேண்டாமென்றால் அப்படியே வெளியே எடுத்துவிடலாம். பழைய ஸ்பீக்கரைப் புது ஆம்ப்ளிஃபையரில் கோக்காதீர்கள். பல பழைய வண்டிகளில் அதன் ஒரு ஒயர் பாடியில் எர்த் ஆகியிருக்கும், புது ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் ஒயர் எதுவும் பாடியில் படவே கூடாது, பட்டால் உள்ளே இருக்கும் ஐ.சி. சிப் போய்விடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து பாசிட்டிவ் எர்த். மோரிஸ் மைனர் மாதிரி பழைய பிரிட்டிஷ் வடிவ வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும். இன்றைய செட்டின் இரும்புக் கூடு நெகட்டிவ். ஒயரை மாற்றிக் கொடுத்துச் சமாளித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள், ஆனால் அந்தக் கூடு வண்டியின் இரும்பில் எங்காவது உரசினால், அல்லது ஆன்டெனா வழியாகப் பாடியைத் தொட்டால், நேரே ஷார்ட். பருத்தி நூல் சுற்றிய அந்தக் காலத்து ஒயர் கருகித் தீப்பிடிக்க நேரம் ஆகாது. அதனால் பேட்டரி கேபிளின் நிறத்தை நம்பாமல், பானெட்டைத் திறந்து மீட்டர் வைத்துப் பாருங்கள். பாசிட்டிவ் எர்த் என்றால் பேட்டரி பக்கத்தையும் செட் பக்கத்தையும் தனித்தனியாகப் பிரித்துத் தருகிற கன்வெர்ட்டர் போடணும், இல்லையென்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்கிற டைனமோவின் துருவத்தையும் சேர்த்து முறையாக மாற்றத் தெரிந்தவரிடம் விடணும்.

டைனமோ வண்டி என்றால் இன்னொன்று. அது முழு வேகத்தில் தருவதே 20 ஆம்பியர் சுமார்தான், ஐடிலில் சார்ஜே ஆகாது. ஹெட்லைட் இரண்டும் எரிந்தாலே 7, 8 ஆம்பியர் போய்விடும். வண்ணாரப்பேட்டை நெரிசலில் லைட்டும் போட்டு, சப்வூஃபரும் அதிர விட்டால் பேட்டரி இறங்கத்தான் செய்யும். சின்ன செட்டே போதும்.

செட்டுக்கான ஒயரை பேட்டரியிலிருந்து தனியாக எடுங்கள், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் வைத்து, ஏற்கெனவே இருக்கும் ரப்பர் துளை வழியாக உள்ளே கொண்டுவாருங்கள். பழைய ஒயரைச் சீவி அதில் முறுக்குகிற வேலையே வேண்டாம்.

அப்புறம் அந்த இரைச்சல். இன்ஜின் ஏற ஏற ஸ்பீக்கரில் ‘ஙொய்’ என்று கேட்கிறதே, அதற்கு, ஸ்பார்க் பிளக்குக்குக் கரண்ட் தருகிற இக்னிஷன் காயிலில், இரைச்சலை வடிகட்ட ஒரு கண்டன்சர் போடுவார்கள். சாவியிலிருந்து ஒயர் வருகிற முனையில்தான் அதைப் போடணும். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து முனையில் மாட்டினால் ஸ்பார்க் பலம் குறைந்து இன்ஜின் திக்கும். செட் போட்ட பிறகு வண்டி அப்படித் திக்கினால் கார்புரேட்டரைப் பிரிக்கிறதுக்கு முன்னால் அந்தக் கண்டன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.