கம்ப்யூட்டரை அணைத்தது யார்?

வேலை பாதியில் இருக்கும்போது திரை சட்டென்று இருண்டு, ஃபேன்கள் ஓய்ந்து, கேபினெட் ஊமையாகிவிடுகிறது. பலரும் முதலில் ராமைக் கழற்றித் துடைக்கிறார்கள்; அடுத்து விண்டோஸை மறுபடி நிறுவுகிறார்கள். இரண்டாலும் பலன் கிடைப்பது அரிது. ராம் கோளாறு என்றால் நீலத்திரை வரும், திரை உறையும், ரீஸ்டார்ட் ஆகும். மின்சாரமே அடியோடு நின்றுபோவது வேறு வகை நோய். மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியும் பாவம், அடிக்கடி பழி சுமக்கிறது. அது தீர்ந்தால் கடிகாரமும், பயாஸ் (கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரல்) அமைப்புகளும் மறந்துபோகும், அவ்வளவுதான்.

ஓடிக்கொண்டிருக்கும் மேசைக் கம்ப்யூட்டரை அணைக்கும் அதிகாரம் நான்கு இடங்களில் இருக்கிறது: ஆப்பரேட்டிங் சிஸ்டம், மதர்போர்டும் ப்ராசசரும், எஸ்எம்பிஎஸ் எனப்படும் பவர் சப்ளை, பிளக்குக்கு வந்து சேரும் மின்சாரம். எந்தப் பாகம் கெட்டது என்று தேடுவதற்கு முன்னால், இந்த நால்வரில் அணைத்தது யார் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒவ்வொருவரும் அணைக்கும் விதமும் விட்டுச்செல்லும் தடயமும் வேறு வேறு.

முன்பக்கத்துப் பவர் பட்டன் மின்சாரத்தை நேரடியாக இணைப்பதோ துண்டிப்பதோ இல்லை. அழுத்தும்போது மதர்போர்டுக்கு ஒரு செய்தி போகிறது, அவ்வளவே. எஸ்எம்பிஎஸ் பிளக்கில் இருக்கும் வரை, 24 பின் கனெக்டரில் உள்ள ஊதா ஒயர் வழியாக 5 வோல்ட் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். மதர்போர்டின் விழித்திருக்கும் பகுதி அதில்தான் உயிர் வாழ்கிறது. பட்டன் அழுத்தியதும் மதர்போர்டு பச்சை ஒயரை கிரவுண்டோடு சேர்க்கிறது. அதுதான் 'கிளம்பு' என்ற உத்தரவு. எஸ்எம்பிஎஸ் 12, 5, 3.3 வோல்ட்களைத் தயார்செய்து, அவை நிலைப்பட்ட பிறகு 100 முதல் 500 மில்லிசெகண்டுக்குள் சாம்பல் நிற ஒயரில் 'எல்லாம் சரி' என்று பதில் அனுப்புகிறது. அந்தப் பதில் வந்த பிறகே ப்ராசசர் ஓடத் தொடங்கும். (பழைய எஸ்எம்பிஎஸ்களில்தான் இந்த நிறங்கள். இப்போது வரும் பலவற்றில் எல்லா ஒயரும் கறுப்பு. பின் எண்ணை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். பச்சை 16, சாம்பல் 8, ஊதா 9.)

ஆக, அணைவது இரண்டே வழியில் நடக்கும். ஆப்பரேட்டிங் சிஸ்டம் கேட்டோ, தானாகவோ மதர்போர்டு பச்சை ஒயரை விட்டுவிடலாம். அல்லது அது பிடித்துக்கொண்டே இருக்க, எஸ்எம்பிஎஸ் தானாகவோ, பிளக்கில் மின்சாரம் நின்றதாலோ கையை விரிக்கலாம். இந்த வேறுபாட்டை வெளியிலிருந்தே ஓரளவு பார்க்க முடியும்.

அணைந்த உடனே எதையும் தொடாமல் கவனியுங்கள். மதர்போர்டில் ஸ்டாண்ட்பை எல்இடி (அந்த 5 வோல்ட் வருவதைக் காட்டும் சிறு விளக்கு) இருந்தால் அது எரிகிறதா? எரியவில்லை என்றால் பிளக், பவர் கார்டு, யுபிஎஸ், அல்லது எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டாண்ட்பை பகுதி. வேறெங்கும் தேட வேண்டாம். எரிகிறது, ஆனால் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் அசைவில்லை, எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க ஸ்விட்சை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போட்டால்தான் உயிர் வருகிறது என்றால், எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொண்டது என்று அநேகமாகத் துணிந்து சொல்லலாம். மின்னோட்டம் மிகுந்தாலோ, ஷார்ட் ஆனாலோ, வோல்டேஜ் எல்லை தாண்டினாலோ அது அப்படித்தான் பூட்டிக்கொள்ளும். பட்டன் உடனே வேலை செய்தது என்பதற்காக எஸ்எம்பிஎஸ்ஸை விடுவித்துவிட வேண்டாம். பல மாடல்களில் பட்டனை மறுபடி அழுத்துவதே பூட்டைத் திறந்துவிடும். உடனே ஓடத் தொடங்கி அரை நிமிடத்தில் மீண்டும் அணைகிறது, பத்து நிமிடம் ஆறவிட்டால் கூடுதல் நேரம் ஓடுகிறது என்றால் அது சூட்டின் கையெழுத்து.

பயாஸில் ஓர் அமைப்பையும் பொறியாக வைக்கலாம். மின்சாரம் போய்த் திரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் அந்த அமைப்பில் 'ஆன்' என்று வைத்துவிடுங்கள். அதன் பிறகு கம்ப்யூட்டர் அணைந்து தானாகவே எழுந்தால், சந்தேகத்தைப் பிளக் பக்கம் திருப்பலாம்.

தடயம் இன்னொரு இடத்திலும் இருக்கிறது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 'சிஸ்டம்' பதிவைத் திறந்தால் கெர்னல்-பவர் 41 என்ற சிவப்புப் பதிவு கண்ணில் படும். இதைக் கோளாறின் பெயர் என்று எடுத்துக்கொண்டு 'எரர் 41-ஐச் சரிசெய்வது எப்படி' என்று தேடி அலைபவர்கள் ஏராளம். அது அடுத்த முறை பூட் ஆகும்போது விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்பு: 'போன முறை என்னை முறைப்படி அணைக்கவில்லை.' காரணம் அதற்குத் தெரியாது. ஆனால் அதன் விவரப் பகுதியில் இரண்டு எண்கள் உதவும். பக்செக் கோட் 0 என்றால் விண்டோஸுக்கு நீலத்திரை காட்டக்கூட அவகாசம் கிடைக்கவில்லை. மின்சாரமோ சூடோதான் முதல் சந்தேகம். 0 இல்லாமல் வேறு எண் இருந்தால் அது நீலத்திரையின் எண், தசம வடிவில். 159 என்றிருந்தால் ஹெக்ஸ் வடிவில் 9எஃப், அதாவது மின்நிலை மாறும்போது சிக்கிக்கொண்ட டிரைவர். இரண்டாவது எண் பவர் பட்டனின் நேரக்குறிப்பு. அது 0 இல்லையென்றால் பட்டன் அழுத்தப்பட்டிருக்கிறது. யாரும் தொடவில்லை என்றால் பட்டனே சிக்கிக்கொண்டிருக்கலாம்.

41-க்குப் பதிலாக 1074 இருந்தால், ஏதோ ஒரு ப்ரோகிராமோ அப்டேட்டோ முறைப்படி கேட்டு அணைத்திருக்கிறது. அதன் பெயரும் அங்கேயே இருக்கும். ஸ்க்ரூடிரைவரை எடுக்கவே வேண்டியதில்லை. கெர்னல்-பவர் 86 என்றால் அளவுமீறிய வெப்பத்தைக் கண்டு விண்டோஸே அணைத்தது. எதற்கும் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி' பகுதியில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிடுங்கள். நீலத்திரை கண்சிமிட்டும் நேரத்தில் மறைந்து, வெறும் ரீஸ்டார்ட் போலத் தோன்றுவது அதனால்தான்.

சூட்டைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது: தூசி படிந்தால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும் என்பது. இன்றைய ப்ராசசர்கள் அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. பெரும்பாலானவற்றுக்கு எல்லை 95 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை. அதைத் தொட்டதும் ப்ராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துச் சூட்டைக் கட்டுக்குள் வைக்கப் பார்க்கும். ஆகவே தூசியின் முதல் அறிகுறி மந்தம், ஃபேன் இரைச்சல். வேகத்தைக் குறைத்தும் சூடு ஏறிக்கொண்டே போனால்தான் கடைசி ஆயுதம்: இன்டெல் ப்ராசசர்களில் சுமார் 130 டிகிரியில் அபாய சமிக்ஞை எழும், மதர்போர்டு அந்தக் கணமே பச்சை ஒயரை விட்டுவிடும். அந்த எல்லையைத் தொட, குளிர்விக்கும் ஏற்பாடு அநேகமாக முழுவதுமாகத் தோற்றிருக்க வேண்டும்.

முழுவதுமாகத் தோற்பது எப்படி? இன்டெல்லோடு வரும் கூலரின் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று கழன்று, ஹீட்சிங்க் என்ற, சூட்டை வாங்கும் உலோகப் பகுதி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். லிக்விட் கூலரின் பம்ப் நின்றிருக்கும். ரேடியேட்டர் ஃபேன்கள் மட்டும் ஒன்றும் அறியாததுபோல் சுழன்றுகொண்டிருக்கும். புதிதாகப் பொருத்திய கூலரின் அடியில் உள்ள பாதுகாப்புப் படலத்தை உரிக்க மறந்திருப்பார்கள். இவற்றைக் கண்டுபிடிக்க விண்டோஸ் கூட வேண்டாம். பயாஸ் திரையில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் இருங்கள். 40, 50 என்று ஓரிடத்தில் நிலைத்தால் கூலர் வேலை செய்கிறது. 70, 80, 90 என்று நிற்காமல் ஏறினால் உடனே அணைத்துவிட்டு கூலரைக் கழற்ற வேண்டியதுதான். ப்ராசசருக்கும் கூலருக்கும் இடையில் சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டை 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்து, ஸ்க்ரூக்களைக் குறுக்கு வாட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி முடுக்க வேண்டும்.

ப்ராசசர் குளுமையாக இருந்தும் சூட்டால் அணையும் ஒரு வகை உண்டு. 12 வோல்ட்டை ப்ராசசருக்கு வேண்டிய ஏறக்குறைய ஒரு வோல்ட் அளவுக்கு இறக்கித் தரும் மின்சுற்று மதர்போர்டில் ப்ராசசருக்கு அருகிலேயே இருக்கிறது. எளிய போர்டில் பசி மிகுந்த ப்ராசசரை மாட்டினால் இந்தப் பகுதி கொதித்து, தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் படும்படி மேசை ஃபேனை வைத்துப் பாருங்கள். கோளாறு தள்ளிப்போனால் காரணம் அங்கேதான்.

இனி எஸ்எம்பிஎஸ். சும்மா இருக்கும்போது ஒன்றும் ஆகாமல், கேம் தொடங்கிய கணத்தில் பொட்டென்று போகிறதென்றால் முதல் குற்றவாளி இதுதான். கிராபிக்ஸ் கார்டு 300 வாட் என்று பெட்டியில் எழுதியிருப்பது சராசரி. மைக்ரோசெகண்ட் அளவில் அது அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு வரை திடீரென்று உறிஞ்சலாம். இந்தத் தொல்லை முற்றியதால்தான் 2022-இல் வந்த, எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் 3.0 விதி, எஸ்எம்பிஎஸ் தன் அளவைப்போல இரு மடங்குச் சுமையை 100 மைக்ரோசெகண்ட் வரை தாங்க வேண்டும் என்றது. அதற்கு முந்தைய எஸ்எம்பிஎஸ், வாட் கணக்கில் போதுமானதாக இருந்தாலும், அந்த மின்னல் பசியைக் கோளாறு என்று நினைத்து அணைத்துவிடலாம். வயதும் ஒரு காரணம்: உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் ஆண்டுக்கணக்கில் சூட்டில் காய்ந்து, இந்தத் திடீர் தேவைகளுக்குக் கைகொடுக்கும் திறனை இழந்துவிடுகின்றன. சுற்றியுள்ள வெப்பம் 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

சோதிக்கும் முறை பிரித்துப் பார்ப்பதுதான். பிரைம்95 மட்டும் 15 நிமிடம்: ப்ராசசருக்கு மட்டும் சுமை. ஃபர்மார்க் மட்டும் 15 நிமிடம்: கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டும். பிறகு இரண்டும் சேர்த்து. வெப்பநிலைகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ நிரலை 2 விநாடிக்கு ஒருமுறை கோப்பில் பதியவிட்டால், அணைவதற்கு முந்தைய கடைசி வெப்பநிலை கையில் இருக்கும். தனித்தனியாகத் தாங்கி, சேர்ந்தால் அணைகிறது, வெப்பம் எல்லைக்குள்தான் இருந்தது என்றால் எஸ்எம்பிஎஸ்தான். ஆஃப்டர்பர்னர் நிரலில் கிராபிக்ஸ் கார்டின் மின் வரம்பை 70 சதவீதமாகக் குறைத்ததும் கோளாறு மறைந்தால் இன்னும் உறுதி. மாற்றுவதற்கு முன், கார்டுக்கு ஒரே கேபிளின் இரு தலைகளையும் செருகியிருந்தால் அதைப் பிரித்து இரண்டு தனிக் கேபிள்களைப் போட்டுப் பாருங்கள். சில நேரம் அதுவே போதும்.

மல்டிமீட்டரால் சுமை ஓடும்போது 12 வோல்ட்டை அளக்கலாம்: 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் நிற்க வேண்டும். வெளியே போனால் எஸ்எம்பிஎஸ் கெட்டிருக்க வாய்ப்பு மிக அதிகம். உள்ளே இருந்தால் நல்லது என்று அர்த்தமில்லை, ஏனென்றால் மைக்ரோசெகண்ட் பள்ளங்கள் மீட்டர் கண்ணுக்குத் தெரியாது. பச்சையையும் கறுப்பையும் கம்பியால் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பது இந்த நோய்க்குச் சோதனையே அல்ல. வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டிப் பார்ப்பதே நம்பகமான தீர்ப்பு. அப்படி மாட்டும்போது பழைய மாடுலர் (எஸ்எம்பிஎஸ் பக்கமும் கழற்றி மாட்டக்கூடிய) கேபிள்களை விட்டுவைக்க வேண்டாம். எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை மாடலுக்கு மாடல் மாறும், கனெக்டர் பொருந்துவதை நம்பிச் செருகினால் ஹார்டு டிஸ்க் எரிந்துபோகலாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கவும் வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 400 வோல்ட் அளவுக்கு மின்சாரம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தேங்கி நிற்கலாம்.

மின்வரத்து அரைக் கண்ணிமை நேரம் தடைபட்டாலும் போதும். நல்ல எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையில் சுமார் 16 மில்லிசெகண்ட்தான் மூச்சடக்கும். தளர்ந்த பவர் கார்டு, பழுதுபட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பேட்டரி ஓய்ந்த யுபிஎஸ் மூன்றையும் விலக்கிச் சுவர் பிளக்கில் நேராகச் செருகி ஓட்டிப் பாருங்கள். யுபிஎஸ்ஸில் 600 விஏ என்றிருப்பதை 600 வாட் என்று படிப்பதும் வழக்கமான பிழை; பெரும்பாலும் அது 360 வாட்தான்.

தொடங்கிய நான்கைந்து விநாடியிலேயே அணைகிறதா? பவர் பட்டனை நான்கு விநாடி தொடர்ந்து பிடித்தால் கட்டாயமாக அணையும் என்பது விதி. பட்டன் உள்ளே சிக்கியிருந்தால் அது இடைவிடாமல் அழுத்தப்பட்டதாகவே மதர்போர்டு நினைக்கும். பவர் பட்டனின் ஒயரை மதர்போர்டிலிருந்து உருவிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டுக் கிளப்புங்கள். நிலையாக ஓடினால் பட்டன் மட்டுமே கோளாறு. அப்போதும் அணைந்தால் மதர்போர்டை வெளியே எடுத்து அட்டைமேல் வைத்து, ப்ராசசர், கூலர், ஒரு ராம் மட்டும் வைத்து ஓட்ட வேண்டும். வெளியே ஓடி உள்ளே ஓடாவிட்டால், அடியில் விழுந்துகிடக்கும் ஸ்க்ரூவோ, மதர்போர்டில் துளை இல்லாத இடத்தில் நிற்கும் ஸ்டாண்ட்ஆஃபோ (போர்டைத் தாங்கும் சிறு உலோகக் கால்) ஷார்ட் செய்கிறது.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. மாற்றிய பிறகு எவ்வளவு நாள் காத்திருப்பது என்பதுதான் பலருக்கும் தடுமாற்றம். தாறுமாறாக வரும் கோளாறு சராசரியாக இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது என்றால், மூன்று மடங்கு, அதாவது ஆறு நாள் அமைதியாக ஓட வேண்டும். ஒன்றும் சரியாகாமலேயே தற்செயலாக அத்தனை நாள் தப்பிக்கும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம். இரண்டு நாள் மட்டும் பார்த்துவிட்டு 'சரியாகிவிட்டது' என்றால், அந்த வாய்ப்பு 37 சதவீதம்.