இருபது கால் சாக்கெட்டுக்குள் ஒரு குட்டி எஃப்பிஜிஏ

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஓர் எவர்சில்வர் கடை. வாசலில் இரண்டு வரி ஓடும் எழுத்து போர்டு. மேல் வரி நன்றாக ஓடியது, கீழ் வரி இருட்டாகிவிட்டது. அக்கா மகன் இன்ஜினீயரிங் படிக்கிறான். கழட்டிப் பார்த்துவிட்டு, “மாமா, ஒரே மாதிரி ரெண்டு ஐசி இருக்கு, ஒண்ணு போயிருச்சு. நம்பரைச் சுரண்டி வெச்சிருக்காங்க” என்றான்.

இருபது கால், எட்டு வெளியீடு. பார்த்தவுடன் கேல் வகைச் சிப் என்று தோன்றியது. 1978-இல் வந்த பேல் சிப்புகளுக்குத் தம்பி முறை, 1985-இல் லாட்டிஸ் நிறுவனம் கொண்டுவந்தது. எந்த உள்ளீட்டுக்கு எந்த வெளியீடு என்ற லாஜிக்கை அதற்குள் நாமே எழுதிக்கொள்ளலாம். எழுதியது இருபது ஆண்டு நிற்கும் என்று அதன் தரவுத்தாளே சொல்லும். இந்தச் சிப்புக்குக் கெடு முடிந்திருக்கலாம். திருடாமலிருக்கப் பூட்டும் போட்டிருப்பதால் உள்ளே உள்ளதைப் படிக்கவும் முடியாது.

ஆனால் உயிரோடு இருக்கும் இன்னொன்று கையில் இருக்கிறதே. அதில் நான்கு உள்ளீட்டுக் கால்களுக்கு மட்டும்தான் தடம் வந்தது. மற்றவை கிரவுண்டில் கட்டிக் கிடந்தன. சால்டர் இல்லாமல் குத்திப் பார்க்கும் பிரெட்போர்டில் வைத்து, நான்கு சுவிட்ச், எட்டு எல்இடி வைத்தோம். நான்கு சுவிட்சை எப்படி மாற்றிப் போட்டாலும் வருவது பதினாறு நிலைதான். பதினாறு வரி எழுதி முடிக்க அரை மணி நேரம். முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டும் அதே விடைகள் வந்தன. அதாவது இந்தச் சிப்புக்கு முன்பு நடந்தது எதுவும் நினைவில் இல்லை. அப்படி நினைவு வைக்கிற ரகமாக இருந்திருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்காது.

செத்த சிப்பின் இடத்தில் ஓர் எஃப்பிஜிஏவை வைப்பது என்று முடிவு செய்தோம். அதுவும் உள்ளே இருக்கும் சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்தான். இந்தப் பதினாறு வரி அட்டவணைதான் அதன் உயிர். எஃப்பிஜிஏவுக்குள் புரோகிராம் வரி வரியாக ஓடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே எதுவும் ஓடவில்லை. மாடிப்படி விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் விளக்கு அணைந்திருக்கும், வேறு வேறு பக்கம் இருந்தால் எரியும். நான்கு நிலை, நான்கு விடை: 0, 1, 1, 0. இதைச் செய்ய லாஜிக் கேட்டுகளைக் கோத்துச் சுற்று கட்டலாம். அல்லது நான்கு விடையையும் நான்கு நினைவுக் கண்ணறைகளில் எழுதிவைத்து, எந்த அறையைத் திறப்பது என்பதைச் சுவிட்சுகளிடமே விட்டுவிடலாம். ஏழெட்டு எவ்வளவு என்றால் பிள்ளைகள் கூட்டிப் பார்ப்பதில்லை, வாய்ப்பாட்டிலிருந்து சொல்கிறார்கள். அதே கதைதான். நான்கு உள்ளீட்டுக்குப் பதினாறு அறை. இந்த வாய்ப்பாட்டுக்கு ‘லட்’ என்று பெயர். எஃப்பிஜிஏ என்பது நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான லட்களும், அவற்றை இணைக்கும் கம்பிகளும், எந்தக் கம்பி எதோடு சேர வேண்டும் என்று முடிவு செய்யும் குட்டிச் சுவிட்சுகளும்தான். அந்தச் சுவிட்சுகளின் நிலையும் நாம் எழுதும் 0, 1 என்ற பிட்கள்தாம்.

ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். கண்ணாடி மேல் உலோகச் சட்டத்தை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வேண்டிய வண்ணத்தை ஊற்றுகிறார்கள். சட்டம் ஒன்றே, வண்ணத்தை மாற்றினால் பூ மாறிவிடும். ஒரே வித்தியாசம், டைல்ஸ் இறுகிவிடும். எஃப்பிஜிஏவில் ஊற்றியது பெரும்பாலும் கரண்ட் போனதும் காலி. அதனால் பக்கத்தில் ஒரு ஃபிளாஷ் நினைவகம் உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் புதிதாக ஊற்றிக் கொடுக்கிறது.

1985-இல் சைலிங்ஸ் வெளியிட்ட முதல் எஃப்பிஜிஏவில் இருந்தது 64 லாஜிக் கட்டங்கள். எங்களுக்குத் தேவை எட்டே எட்டு லட், வெளியீட்டுக்கு ஒன்று.

சரி, இதைச் சுமந்து பழைய சிப்பின் சாக்கெட்டில் உட்கார ஒரு குட்டி போர்டு வேண்டுமே? ரெடிமேடாகத் தேடினோம். டைனிஎஃப்பிஜிஏ பிஎக்ஸ் என்ற போர்டு 36 மி.மீ. நீளம், 18 மி.மீ. அகலம். சாக்கெட்டின் இரு கால் வரிசைகளுக்கு நடுவே 7.62 மி.மீ.தான். ஃபோமு என்று ஒன்று உண்டு, முழு போர்டும் யுஎஸ்பி துளைக்குள்ளேயே அடங்கிவிடும். அதன் சிப் 2.15-க்கு 2.55 மி.மீ., உள்ளே 5,280 லட். அடியில் 0.4 மி.மீ. இடைவெளியில் ஈயக் குண்டுகள். வீட்டு மேசையில் அதைச் சால்டர் செய்ய நான் துணியமாட்டேன். ஓரத்தில் கால் தெரியும் ஐஸ்40 எல்பி384 என்ற எஃப்பிஜிஏ போதும் என்றேன். 384 லட், 5-க்கு 5 மி.மீ. சாக்கெட் கால்களைச் சால்டர் செய்யும் பட்டைகளுக்கு இடம் விட்டால் மிஞ்சும் ஆறு மில்லிமீட்டருக்குள் பாந்தமாக உட்காரும்.

சிப் சிறியதுதான், இடத்தைத் தின்பது அதன் பரிவாரம். உள்ளே 1.2 வோல்ட், கால்களுக்கு 3.3 வோல்ட் என்று மின்னழுத்தத்தைக் குறைத்துத் தர இரண்டு ரெகுலேட்டர். மின்சாரம் ஏறும் ஒவ்வொரு காலின் பக்கத்திலும் ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். இதைத் தள்ளி வைத்தால் சிப் கிறுக்குப் பிடித்தது போல நடந்துகொள்ளும். அப்புறம் ஃபிளாஷ். பழைய போர்டு 5 வோல்ட், அது நேராக வந்தால் எஃப்பிஜிஏ செத்துவிடும். நான்கு உள்ளீட்டுக்கும் முன்னால் 5 வோல்ட் தாங்கும் எல்விசி வகைச் சிப் ஒன்று காவலுக்கு. வெளியீட்டுக்குக் காவல் வேண்டாம். பழைய போர்டில் அடுத்திருக்கும் எச்சிடி வகைச் சிப் 2 வோல்ட்டைத் தாண்டினாலே 1 என்று எடுத்துக்கொள்ளும்.

நியாயமாகப் பார்த்தால் கேல் சிப்புக்கு இணையாக இன்றும் கிடைக்கிற ஏடிஎஃப்16வி8 ஒன்றை வாங்கி எழுதிப் போட்டிருந்தால் வேலை முடிந்தது. எழுதும் கருவி எங்களிடம் இல்லை. பையனுக்கும் இதைச் செய்தே தீர வேண்டும்.

ஃபெரிக் குளோரைடில் வீட்டிலேயே தாமிரத்தை அரித்து போர்டு செய்யலாம் என்றான். தடம் வரும். மேலிருந்து கீழே போகும் துளைச் சுவரில் தாமிரம் ஏற்றுவதுதான் கஷ்டம். அது மின்முலாம் வேலை. 1948-இல் அடிக்கல் நாட்டிய நம்மூர் மின்வேதியியல் ஆய்வு நிலையமான சிக்ரியின் பாடம், சமையலறையில் நடக்காது. கிகேட் என்ற போர்டு வரையும் மென்பொருளில் வரைந்து வெளியே கொடுத்து வாங்கினோம். 26-க்கு 10 மி.மீ., இரண்டு அடுக்கு. ரெகுலேட்டரும் ஃபிளாஷும் அடிப்பக்கம்.

யோசிஸ், நெக்ஸ்ட்பிஎன்ஆர் என்ற இலவசக் கருவிகள் எங்கள் அட்டவணையைப் பிட்களாக மாற்றித் தந்தன. போர்டைக் குத்தினோம், கீழ் வரி ஓடியது.

இரண்டு நாள் கழித்து கடைக்காரர் கூப்பிட்டார். “தம்பி, காலையில சுவிட்சைப் போட்டதும் கீழ் வரி மொத்தமும் ஒருதரம் மின்னுது, ஏன்?” ஃபிளாஷிலிருந்து பிட்கள் இறங்கும் சில பத்து மில்லி விநாடி, எஃப்பிஜிஏவின் கால்களை உள்ளே இருக்கும் பலவீனமான ரெசிஸ்டர்கள் மேலே இழுத்துப் பிடித்திருக்கும். எட்டு வெளியீடும் 1. அடுத்த பதிப்பில் ஒவ்வொன்றுக்கும் கிரவுண்டுக்கு 10 கிலோஓம் வைக்க வேண்டும். எட்டு ரெசிஸ்டருக்கு அந்த போர்டில் எங்கே இடம் என்றுதான் பையன் இப்போது உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிறான்.