பலோத்தாஜ்: சுற்று அல்ல, நிலை

பிரான்சில் தேர்தல் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை, இரவு எட்டு மணி அடித்ததும் தொலைக்காட்சியில் முதல் மதிப்பீடு வந்துவிடும். அந்த நேரத்தில் அடிக்கடி காதில் விழும் சொல் 'பலோத்தாஜ்'. தமிழ்ச் செய்திகளில் இதை 'இரண்டாம் சுற்று' என்றே எழுதிவருகிறோம். எனக்கு அதில் ஒரு சின்ன மனக்குறை உண்டு.

முதல் சுற்றில் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் யாருமே வாங்கவில்லை என்றால், தேர்தல் முடியாமல் நிற்கிறதே, அந்த நிலைக்குத்தான் பலோத்தாஜ் என்று பெயர். அதற்குப் பிறகு நடக்கும் வாக்களிப்பைச் சொல்லப் பிரெஞ்சில் தனியாக 'செகோன் தூர்' இருக்கிறது. நம் 'இரண்டாம் சுற்று' அதற்குத்தான் சரியான இணை. பேச்சுவழக்கில் பிரெஞ்சுக்காரர்களே இரண்டையும் கலந்து பேசுவதுண்டு. ஆனால் ஒரு வேட்பாளர் 'பலோத்தாஜில் இருக்கிறார்' என்று சொல்லும்போது அவர் முதல் சுற்றில் கரையேறவில்லை என்பதுதான் செய்தி.

இந்தச் சொல்லுக்கு எவ்வளவு உறைப்பு உண்டு என்பதை 1965ஆம் ஆண்டு காட்டியது. குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று 1962 பொதுவாக்கெடுப்பில் முடிவாகி, அதன்படி நடந்த முதல் தேர்தல் அது. பதவியில் இருந்தவர் சார்லஸ் டி கோல், வயது 75. முதல் சுற்றிலேயே வென்றுவிடுவோம் என்று நம்பிப் பிரசாரத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டிசம்பர் 5 இரவு எண்ணிப் பார்த்தால் 44.65 சதவீதம்தான். அடுத்து வந்த மித்தெரானைவிட ஏறத்தாழ 13 புள்ளிகள் முன்னால் இருந்தும், 'டி கோலுக்கே பலோத்தாஜா!' என்றுதான் நாடு பேசியது. அப்புறம் அவர் தொலைக்காட்சி நேர்காணல்களில் உட்கார்ந்து, டிசம்பர் 19 அன்று 55.2 சதவீதத்தோடு வென்றார். அதன் பிறகு இன்றுவரை எந்தத் தலைவரும் முதல் சுற்றில் வென்றதில்லை. இரண்டு சுற்றுக்கும் நடுவில் இரண்டு வாரம் என்பது அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? வெனிசிலிருந்து. இத்தாலிய மொழியில் 'பல்லா' என்றால் பந்து. 'பல்லோத்தா' என்றால் குட்டிப் பந்து, நம் பேச்சில் சொன்னால் உருண்டை. வெனிஸ் குடியரசின் அவைகளில் இந்த உருண்டையைக் கலத்தில் போட்டுத்தான் வாக்களித்தார்கள். விழும் சத்தத்தை வைத்து யார் எந்தக் கலத்தில் போட்டார் என்று கண்டுபிடிக்கக் கூடாதாம், அதனால் துணியில் செய்த உருண்டைகள். அந்நாட்டுத் தலைவரான தோஜைத் தேர்ந்தெடுக்கும்போது குலுக்கலும் வாக்களிப்பும் மாறி மாறிப் பல அடுக்காக நடக்கும். குலுக்கலில் உருண்டையை எடுத்துக் கொடுக்க ஒரு சிறுவனைப் பிடித்து வருவார்கள்; அவனுக்குப் பெயரே 'பல்லோத்தினோ'. உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடத்துக்குள் கைவிட்டு ஓலை எடுக்கும் சிறுவன் உங்களுக்கு நினைவு வந்தால் வியப்பில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு பலோத்தாஜுக்குக் 'குடவோலை' என்று பெயர் வைக்கக் கிளம்ப வேண்டாம். குடவோலை குலுக்கல், இது வாக்கு எண்ணிக்கையில் பிறக்கும் நிலை.

இத்தாலிய உருண்டை பிரெஞ்சில் 'பலோத்' ஆகி, உருண்டை போட்டு வாக்களிப்பது 'பலோத்தே' ஆனது. அதே வினைக்கு அலைக்கழிப்பது, இப்படியும் அப்படியும் ஆட்டுவது என்ற பொருளும் உண்டு. அலையில் படகு ஆடுவதைச் சொல்லவும் அதுதான். முடிவு தெரியாமல் ஆடும் வேட்பாளருக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள். ஆங்கிலத்துக்குப் போன கிளை 'பாலட்' ஆகி வாக்குச்சீட்டைக் குறிக்கிறது. இத்தாலியில் 'பல்லோத்தாஜ்ஜோ' என்பது மேயர் தேர்தலின் இரண்டாம் சுற்று. அர்ஜென்டினாவில் 'பலோத்தாஹே'. ரஷ்ய மொழியில் இந்த வேரிலிருந்து வந்த வினைக்குத் தேர்தலில் நிற்பது என்றே பொருள்.

பிரான்சில் இன்று உருண்டை கிடையாது. மேசைமேல் வேட்பாளருக்கு ஒரு கட்டு வீதம் தாள்கள் அடுக்கியிருக்கும். சிலவற்றை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போய், ஒன்றை மட்டும் உறையில் வைத்து, உள்ளே இருப்பது வெளியே தெரியும் பெட்டியில் போட வேண்டும். போட்டதும் அலுவலர் 'ஆ வொத்தே' என்று உரக்கச் சொல்வார்: வாக்களித்தாயிற்று.

மண்டல மன்றத் தேர்தலுக்கு வந்தால் கதை கொஞ்சம் மாறுகிறது. மண்டலங்களுக்கு நேரடித் தேர்தல் முதலில் நடந்தது 1986இல். அப்போதும், 1992, 1998 ஆண்டுகளிலும் ஒரே சுற்று, விகிதாசார முறை. அதனால் பலோத்தாஜுக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் 1998இல் பல மன்றங்களில் யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல் போய், மன்றத் தலைவர் பதவிக்காக நடந்த பேரங்கள் நாட்டையே முகம் சுளிக்க வைத்தன. அதன் பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். 2004 முதல் இரண்டு சுற்று, இடையில் ஒரே வாரம்.

இங்கே தனி வேட்பாளருக்கு அல்ல, கட்சிகள் தரும் வேட்பாளர் பட்டியலுக்குத்தான் வாக்கு. குடியரசுத் தலைவர் தேர்தலைப் போல இரண்டாம் சுற்றில் இருவர்தான் நிற்கலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை. முதல் சுற்றில் 10 சதவீதம் வாங்கிய பட்டியல் எல்லாம் நீடிக்கலாம். 5 சதவீதம் வாங்கிய பட்டியல் இன்னொன்றோடு சேர்ந்துகொள்ளலாம். இரண்டாம் சுற்றில் பாதியைத் தாண்டவும் தேவையில்லை, முதலிடம் போதும். முதலிடத்துக்கு மொத்த இடங்களில் கால் பங்கு அப்படியே போய்விடும், மீதியைத்தான் விகிதப்படி பிரிப்பார்கள். நூறு இடம் உள்ள மன்றத்தில் 40 சதவீதம் வாங்கிய பட்டியலுக்கு 25 போக, மீதி 75இல் சுமார் 30. ஆக 55. தொங்கு மன்றம் அமையாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் தமிழர்களுக்குக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்கு உண்டு. மண்டல மன்றத் தேர்தல் பிரான்சுக்குள் மட்டும்தான்.

மூன்று பட்டியல் நீடித்தால் பிரெஞ்சில் 'த்ரியாங்குலேர்'. இதற்குப் புதுச்சொல் தேடி அலைய வேண்டாம், 'மும்முனைப் போட்டி' நம்மிடம் தயாராக இருக்கிறது. மும்முனையைத் தவிர்க்க ஒரு கட்சி தானாக ஒதுங்குவதும் உண்டு. 2015இல் வடக்கு மண்டலத்தில் தீவிர வலதுசாரித் தலைவர் மரீன் லெ பென் முதல் சுற்றில் 40 சதவீதத்தைத் தாண்டியதும், மூன்றாவதாக வந்த சோசலிஸ்ட் கட்சி விலகிக்கொண்டது. இரண்டாவதாக வந்திருந்த மிதவாத வலதுசாரி சாவியே பெர்த்ரான் 57 சதவீதத்துக்கு மேல் வாங்கி வென்றார். விலகிய கட்சிக்கு அந்த மன்றத்தில் ஓர் இடம்கூட இல்லாமல் போனது.

இனி தமிழ்ச் சொல். 'மறுவாக்குப்பதிவு' கூடவே கூடாது; அது முறைகேடு நடந்த சாவடியில் திரும்ப நடத்துவது. 'இழுபறி' என்றால் நூலிழைப் போட்டி என்ற நினைப்பு வரும். 13 புள்ளி முன்னால் நின்ற டி கோலுக்கு அது ஒட்டாது. 'தொங்கல்' எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் தொங்கு சட்டமன்றத்தோடு குழம்பும். 'அறுதிப் பெரும்பான்மை' ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால், 'அறுதி எட்டவில்லை' என்று வினையாகச் சொல்வதே தமிழுக்கு இயல்பாக இருக்கிறது. பெயர்ச்சொல் வேண்டும் என்பவர்கள் 'அறுதி எட்டாநிலை' எனலாம்.

நிலையையும் சுற்றையும் பிரித்துச் சொல்வது வீண் நுணுக்கமா என்றால், இலங்கையைப் பாருங்கள். 2024 செப்டம்பர் சனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க 42.31 சதவீதம்தான் பெற்றார். அறுதி எட்டவில்லை. ஆனால் மக்கள் மறுபடி வாக்களிக்கப் போகவில்லை; சீட்டில் ஏற்கெனவே குறித்திருந்த விருப்பு வாக்குகளை எண்ணினார்கள். பிரெஞ்சுக்காரர் கண்ணில் அது பலோத்தாஜ். இரண்டாம் சுற்று அல்ல.

இன்னும் ஒரு சங்கடம். 'சாதகமான பலோத்தாஜ்', 'பாதகமான பலோத்தாஜ்' என்று பிரெஞ்சு ஏடுகள் எழுதும். முன்னிலையில் இருப்பவருக்குத்தான் சாதகம் என்று மொழிபெயர்ப்பவர்கள் நினைத்துவிடுகிறார்கள். வெளியேறியவர்களின் வாக்கு எந்தப் பக்கம் சாயும் என்பதைப் பொறுத்தது அது. 1974 குடியரசுத் தலைவர் தேர்தலின் முதல் சுற்றில் இடதுசாரி மித்தெரான் 43.25 சதவீதம், வலதுசாரி ஜிஸ்கார் தெஸ்தேன் 32.6. ஆனால் மூன்றாவதாக வந்த ஷபான்-தெல்மாஸும் வலதுசாரி. அவருடைய 15 சதவீதத்தில் பெரும்பகுதி ஜிஸ்கார் பக்கம் போக, 50.81 சதவீதத்தோடு அவர் தலைவரானார்.